பெயர் நீளமாக இருக்கிறது

கேட்டைச் சாத்தாதீங்க தம்பி. நீங்க வரும்போது எப்படித் திறந்து கிடந்ததோ, அப்படியே விட்டுட்டு வாங்க. ஆமாம், ஆடு வரும். செம்பருத்தியை மொட்டையடிச்சிட்டுப் போயிருக்கு, பார்த்தீங்கல்ல? பரவாயில்லை. அதுக்குக் காரணம் இருக்கு, சொல்றேன். செருப்பை வெளியில விடுங்க. அங்கே இல்லை, படிக்குக் கீழே.

நீங்கதான் ஜெயசீலனா? முசிறியில இருந்து? பதினோரு மணிக்கு வர்றேன்னு போன்ல சொன்னீங்க. இப்ப பதினொண்ணு இருபத்தஞ்சு. பஸ் கிடைக்கலைன்னு சொல்லப்போறீங்க. முப்பத்திமூணு வருஷம் தாலுக்கா ஆபீஸ்ல இருந்தேன். பஸ் கிடைச்சதுன்னு ஒரு மனுஷன் சொல்லி நான் கேட்டதில்லை. உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். நாலு வருஷமா ஆடுது. என்னைக்கு ஆட ஆரம்பிச்சதுன்னு தேதியோட எழுதி வெச்சிருந்தேன். அதுவும் இன்னைக்குப் போகப்போகுது.

லேப்டாப் அதோ மேஜை மேல இருக்கு. விலை போன்லயே பேசி முடிச்சாச்சு, இனிமே அதைப் பத்திப் பேச்சில்லை. பொண்ணு காலேஜ் சேர்ந்திருக்குன்னு சொன்னீங்க. படிக்கட்டும். மெதுவாத்தான் ஓடும், ஆனா ஓடும். வாங்கின நாள்ல இருந்து என்கிட்ட எதிர்த்துப் பேசாத ஒரே சாமான் அதுதான்.

ஆனா உடனே தூக்கிட்டுப் போக முடியாது. அதுல சில கோப்பு இருக்கு. அதை உங்க முன்னாடி அழிக்கணும். அழிச்சதைப் பார்த்தேன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். இதோ, டைப் பண்ணியே வெச்சிருக்கேன், படிச்சுப் பாருங்க. 'கீழே கையொப்பமிட்டுள்ள நான், மேற்படி மடிக்கணினியில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளும் என் முன்னிலையில் முழுமையாக அழிக்கப்பட்டதை நேரில் கண்டேன் எனச் சான்றளிக்கிறேன்.' கீழே பேர், அப்பா பேர், விலாசம், தேதி. ஏன் முழிக்கிறீங்க? உங்க வீட்டையா எழுதி வாங்குறேன்? சாட்சி, அவ்வளவுதான்.

யாருக்குச் சாட்சியா? என் வீட்டுக்காரிக்கு.

தண்ணி குடிங்க. அண்ணாந்து குடிங்க தம்பி, வாய் வெச்சுக் குடிக்காதீங்க. இப்ப இந்த வீட்டுல டம்ளர் கழுவுறது நான்தான்.

இந்தத் தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க, தெய்வசிகாமணி எப்படிப்பட்டவர்னு. கேட்காதீங்க, ஒழுங்கான பதில் வராது. நானே சொல்றேன். துறையூர் தாலுக்கா ஆபீஸ்ல தலைமை எழுத்தரா இருந்து ஓய்வு பெற்றவன். ஆபீஸ்ல ஒவ்வொரு எழுத்தர்கிட்டயும் தன்பதிவேடுன்னு ஒண்ணு இருக்கும். எந்தத் தபால் என்னைக்கு வந்தது, எந்தக் கோப்பு என்னைக்குத் திறந்தது, அது எப்படி முடிஞ்சதுன்னு அதுல இருக்கணும். வருஷா வருஷம் தணிக்கைக்கு வர்றவங்க மத்தவங்க பதிவேட்டைப் பார்த்துக் கத்துவாங்க. என்னோடதைப் பார்த்தா பேசாம மூடி வெச்சிட்டு டீ கேட்பாங்க. நிலுவைன்னு ஒண்ணு இருக்காது. இருந்தா எனக்குச் சோறு இறங்காது.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. வராம இருக்குமா? ஆபீஸ்ல ஒழுங்கா இருக்கிறவன் வாசப்படி தாண்டினதும் ஒழுங்கீனமா ஆகிடுவானா? கல்யாணம் ஆன மூணாவது மாசம் ஒரு நோட்டுப் போட்டேன். வீட்டுல நடக்கிற குறைபாடுகளை எழுதுறதுக்கு. சண்டை போடுறதுக்கு இல்லை தம்பி, அதைக் கவனிங்க. நான் ஒரு நாள் கூடக் கை ஓங்கினவன் இல்லை, ஒரு சொல்லு கத்திச் சொன்னவன் இல்லை. பக்கத்து வீட்டுல தட்டுப் பறக்கும், இங்கே சத்தமே கேட்காது. ஏன்? நான் எழுதிட்டேன். எழுதினா மனசு ஆறிடும்.

முறையாத்தான் எழுதுவேன். பொருள்னு ஒரு தலைப்பு. கீழே நடந்தது. கேள்வி. ஆதாரம் இருந்தா இணைப்பு. 'விளக்கம் கோருதல்'னு போடுவேன், ஆனா கோரமாட்டேன். அவகிட்டப் போய் நீட்டமாட்டேன். எனக்குள்ளேயே கேட்டு, எனக்குள்ளேயே யோசிச்சு, கடைசி வரியில 'மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு முடிச்சிடுவேன். நானூத்திப் பன்னிரண்டு கோப்பு. எல்லாம் அவ ஒருத்தி மேல. எல்லாத்துலயும் அந்த வரி இருக்கும். ஒண்ணுல கூட நான் நடவடிக்கை எடுக்கலை. எந்தப் புருஷன் நானூத்திப் பன்னிரண்டு தடவை மன்னிப்பான், சொல்லுங்க? கல்யாணம் ஆகி முப்பத்திநாலு வருஷம். சராசரி பார்த்தா மாசத்துக்கு ஒண்ணுதான் வருது. என் பிரிவுல இருந்த இளநிலை உதவியாளர் ஒருத்தன் மேல ஒரே வாரத்துல ஏழு எழுதியிருக்கேன்.

இந்த லேப்டாப் வாங்கினதும் நோட்டுல இருந்த எல்லாத்தையும் டைப் பண்ணி ஏத்தினேன். ரெண்டு வருஷம் ஆச்சு. பழைய பில்லு, சீட்டு எல்லாம் ஸ்கேன் பண்ணி இணைச்சேன். வேலை முடிஞ்சதும் அந்த நோட்டுங்களை அவதான் பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டா. பிரிச்சுக் கூடப் பார்க்கலை. நீங்க நம்புவீங்களா? தன்னைப் பத்தி இருபது வருஷம் எழுதினது கையில இருக்கு, தராசுல வெச்சுட்டு, அதுக்குப் பதிலா ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிட்டு உள்ளே போறா. அவளுக்கு எதுலயும் அக்கறை இல்லைங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்? அதையும் எழுதினேன். முந்நூத்தி ஆறோ ஏழோ.

அவ பேரு கமலவேணி. அரியலூர் பக்கம். பத்தாவது வரைக்கும் படிச்சவ. லேப்டாப்பைத் துடைப்பா, திறக்கமாட்டா. அதனால பூட்டெல்லாம் போடலை. ஃபோல்டருக்கு 'இல்லக் கோப்புகள்'னு பேரு வெச்சிருந்தேன். ஒளிவு மறைவு இல்லாத பேரு.

இப்ப என் மாப்பிள்ளை விஷயத்துக்கு வர்றேன். இளம்பரிதின்னு பேரு. கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனி. என் பொண்ணு சுபாஷிணிக்கு நான் பார்த்து வெச்ச இடம்தான். பார்க்கும்போது வாய் இல்லாத பிள்ளையாத்தான் இருந்தாரு. சுதந்திர தினத்தை ஒட்டி நாலு நாள் லீவுன்னு ரெண்டு பேரும் கார்ல வந்து இறங்குறாங்க. கையில புது லேப்டாப். 'மாமா, உங்களுக்குத்தான். அந்தப் பழசு உறுமுறதைக் கேட்டா எனக்கே பயமா இருக்கு'ங்கறாரு. நான் கேட்டேனா? கேட்கலை. கேட்காம ஒருத்தர் ஒண்ணு கொடுத்தா, அப்பவே உஷாராகணும். நான் ஆகலை. அது என் தப்பு. ஒத்துக்கறேன்.

'பழசுல இருக்கிறதை எல்லாம் புதுசுக்கு மாத்திக் கொடுத்திடறேன் மாமா, ஒரு மணி நேர வேலை'ன்னாரு. நான் சொன்னேன், 'வேண்டாம் மாப்பிள்ளை, ஒவ்வொண்ணா நானே பார்த்து மாத்திக்கறேன்'னு. உடனே என் பொண்ணு, 'அப்பா, அவர் தொழிலே இதுதான். நீங்க செஞ்சா அடுத்த ஆடி வந்திடும்'ங்கறா. சிரிக்கிறாங்க. அவளும் சிரிக்கிறா, கமலவேணி. மூணு பேரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சரின்னு விட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடிச்சாச்சு. இதே ஹால்தான். மேஜையில ரெண்டு லேப்டாப்பும் பக்கத்துல பக்கத்துல. நடுவுல ஒரு வயர். நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல மாப்பிள்ளை. சோபாவுல சுபாஷிணி. கீழே பேப்பரை விரிச்சு அவ முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருக்கா. போட்டோ எல்லாம் போச்சு, பென்ஷன் காகிதம் எல்லாம் போச்சு. திரையில பச்சைக் கோடு நகர்ந்துக்கிட்டே இருக்கு. அதுக்குக் கீழே இப்ப எந்தக் கோப்பு போகுதுன்னு பேரு ஓடும். அது எனக்குத் தெரியாது தம்பி. அந்த வசதி இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலை.

மாப்பிள்ளை முதல்ல கவனிக்கலை. போன் பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் கவனிச்சாரு. என்னைத் திரும்பிப் பார்த்தாரு. மறுபடி திரையைப் பார்த்தாரு. 'மாமா, அத்தை பேர்ல நிறைய ஃபைல் வெச்சிருக்கீங்களே'ன்னாரு, சும்மா. நானும் சும்மா, 'ஆமாம், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு'ன்னேன். அவ நிமிர்ந்து பார்த்துச் சிரிச்சா. 'எம்பேர்ல அவ்வளவு இருக்கா?'ன்னு கேட்டா. சந்தோஷமாத்தான் கேட்டா.

அரை மணி நேரம் அவ பேருதான் ஓடுது. கமலவேணி, கமலவேணி, கமலவேணி. அதோட போய் முடிஞ்சிருக்கும். முடிஞ்சிருந்தா நீங்க இன்னைக்கு இங்கே வந்திருக்க வேண்டியதில்லை, நானும் டம்ளர் கழுவ வேண்டியதில்லை. ஆனா நின்னுபோச்சு. திரையில ஒரு பெட்டி வந்து நிக்குது. இந்தக் கோப்போட பேரு ரொம்ப நீளமா இருக்கு, சுருக்கினாத்தான் போவேன், இல்லைன்னா தாண்டிப் போகவான்னு கேட்குது.

நீளமாத்தான் இருக்கும். கோப்புக்குப் பேருன்னா பொருள் முழுசா இருக்கணும். இந்தக் காலத்துப் பிள்ளைங்க மாதிரி ஏ, பி, சின்னு போட முடியுமா? படிச்ச உடனே விஷயம் தெரியணும். அது என் தொழில் சுத்தம். சுத்தமா இருந்ததுக்குக் கிடைச்ச தண்டனை அது.

மாப்பிள்ளை தாண்டிப் போயிருக்கலாம். மரியாதை தெரிஞ்சவரா இருந்தா தாண்டிப் போயிருப்பாரு. அவரு என்ன பண்றாரு, உரக்கப் படிக்கிறாரு. எனக்கு மனப்பாடம், சொல்றேன் கேளுங்க. 'திருமதி கமலவேணி – தாயார் இறந்ததாகத் தகவல் கிடைத்ததை முன்னிட்டு 11.06.1998 அன்று முன் அனுமதி பெறாமலும் மாற்று ஏற்பாடு செய்யாமலும் தலைமையிடத்தை விட்டு வெளியேறியமை – விளக்கம் கோருதல் – தொடர்பாக.'

படிச்சு முடிச்சிட்டு, 'இதை என்னன்னு சுருக்கட்டும் மாமா?'ங்கறாரு.

கீரை உருவுற சத்தம் நின்னுபோச்சு. கீரைக்கு என்ன சத்தம்னு கேட்பீங்க. நின்னப்போதான் அதுக்கு ஒரு சத்தம் இருந்ததே எனக்குத் தெரிஞ்சது.

'அதைத் திறங்க'ன்னா. மாப்பிள்ளைகிட்ட. என்கிட்ட இல்லை. சுபாஷிணி, 'அம்மா, விடும்மா'ங்கறா. 'திறந்து படிங்க மாப்பிள்ளை, எனக்குக் கண்ணாடி உள்ளே இருக்கு.'

அவரு படிச்சாரு. நிறுத்தி நிறுத்திப் படிச்சாரு, கோர்ட்டுல குற்றப்பத்திரிகை படிக்கிற மாதிரி. அதுல என்ன தப்பு இருக்கு? நீங்களே சொல்லுங்க. அன்னைக்குக் காலை பத்து நாற்பதுக்குப் பக்கத்து வீட்டுல சாவியைக் கொடுத்துட்டு அரியலூருக்குப் பஸ் ஏறியிருக்கா. உண்மை. மகளைப் பள்ளிக்கூடத்துல இருந்து பாதியில கூட்டிக்கிட்டுப் போயிருக்கா. உண்மை. மதிய உணவுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. உண்மை. நான் ஹோட்டல்ல சாப்பிட்டேன், அந்தப் பில்லு இணைப்பு ஒண்ணு. திரும்பினது பதினாறு நாள் கழிச்சு. கடைசியில என்ன எழுதியிருக்கேன்? 'இறப்பு உண்மை என்பது நேரில் சென்று பார்த்ததில் தெரியவருவதால், மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது.' கைவிட்டிருக்கேன் தம்பி. விட்டிருக்கேன். அந்த வரியை மாப்பிள்ளை ரெண்டு தடவை படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சவருக்கும் அது புரியலை.

ஏன் உச்சுக் கொட்டுறீங்க? அப்ப ஜமாபந்தி நேரம். தாலுக்கா ஆபீஸ்ல வருஷத்துக்கு ஒரு தடவை கிராமக் கணக்கு மொத்தத்தையும் பரப்பி வெச்சுத் தணிக்கை பண்ணுவாங்க. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்து உட்கார்ந்திருக்காங்க. தலை சொறிய நேரம் இல்லை. நான் மறுநாள்தான் அரியலூர் போக முடிஞ்சது. போனேனே! மாலையோட போனேன்.

சுபாஷிணி இருக்கிறாளே, அவ சும்மா இருந்திருக்கலாம். 'அம்மா ஆபீசுக்குப் போன் பண்ணினாப்பா. பக்கத்து வீட்டு மாமி போன்ல இருந்து மூணு தடவை பண்ணினா. ஜமாபந்தி முடியுற வரைக்கும் வீட்டுப் போன் எதையும் உங்ககிட்டக் கொடுக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லி வெச்சிருந்தீங்களாம். அப்புறம்தான் என்னை ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து தூக்கிக்கிட்டுப் பஸ் ஏறினா. அரியலூர் வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தா. எனக்கு ஞாபகம் இருக்கு'ன்னா.

சொல்லி வெச்சிருந்தேன்தான். அது வேற விஷயம். அது ஆபீஸ் ஒழுங்கு. இதுல அதைக் கொண்டுவந்து ஏன் கலக்கணும்? அப்படியே பார்த்தாலும் அந்தத் தகவல் கோப்புல இல்லை. எழுத்துமூலமா யாரும் கொடுக்கலை. கோப்புல இல்லாததை நான் எப்படிக் கணக்குல எடுக்க முடியும்?

இதைத்தான் அங்கேயும் சொன்னேன். 'அன்னைக்கே ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டுப் போயிருந்தா இந்தக் கோப்பே வந்திருக்காது'ன்னேன். மாப்பிள்ளை எழுந்து வெளியில போயிட்டாரு. அவ கீரையை உருவி முடிச்சா. காம்பைப் பேப்பரோட சுருட்டினா. உள்ளே போனா. ராத்திரி அடை வார்த்துப் போட்டா. கீரை அடை. எனக்கு ரெண்டு, முறுகலா, எப்பவும் போல. அதனால நான் என்ன நினைச்சேன்? முடிஞ்சதுன்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பாங்க?

மறுநாள் காலையில ரெண்டு பையோட வாசல்ல நிக்கிறா. காருக்குள்ள பொண்ணும் மாப்பிள்ளையும். புது லேப்டாப்பும் காருக்குள்ள. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிட்டாரு, பாருங்க, மரியாதையை. அதுல ஏறினதை எல்லாம் அவரே அழிச்சிட்டாராம். என்னைக் கேட்கலை. 'பால் ஃப்ரிட்ஜுல இருக்கு. தோசை மாவு ரெண்டு நாளைக்கு வரும். பாத்திரக்காரம்மா வரமாட்டா, அவ பொண்ணுக்குப் பிரசவம்'னு வரிசையாச் சொன்னா. பார்த்தீங்களா? இந்தத் தடவை மாற்று ஏற்பாடு எல்லாம் பண்ணிட்டுத்தான் கிளம்பினா. அதைக் கத்துக்க இருபத்தாறு வருஷம் ஆச்சு.

'எப்ப வருவே?'ன்னு கேட்டேன். தப்பான கேள்வியா? ஒரு புருஷன் கேட்கக் கூடாத கேள்வியா?

'விளக்கம் கேட்டு எழுதுங்க. பதில் போடறேன்'னா. போயிட்டா. கேட்டைச் சாத்தாமப் போயிட்டா.

நான் எழுதினேன். எழுதச் சொன்னது அவதானே! ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல அனுப்பினேன். 'இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள்.' முதல் தடவையா ஒரு கோப்பை நான் அவளுக்கு நேரடியா அனுப்பியிருக்கேன். நாலாவது நாள் ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கா. அதைப் பாருங்க, இதோ. என்ன போட்டிருக்கா? மு. கமலவேணி. மு-ங்கிறது அவங்க அப்பா, முத்துக்கருப்பன். கல்யாணத்துக்கு அப்புறம் ரேஷன் கார்டு, பேங்க், ஓட்டர் லிஸ்ட்டு, எல்லா இடத்துலயும் தெ. கமலவேணின்னு போட்டவ. முப்பத்திநாலு வருஷம் கழிச்சு இனிஷியல் மறந்துபோச்சு போல. தபால்காரர் கூடக் கவனிக்கலை. நான் கவனிச்சேன்.

பதினஞ்சு நாள் கெடு நேத்தோட முடிஞ்சது. பதில் இல்லை.

நடுவுல சுபாஷிணி போன் பண்ணினா. 'அப்பா, அம்மா கோபமா எல்லாம் இல்லை. நல்லாத் தூங்குறா. சாயங்காலம் பார்க்குல நடக்கிறா. நீங்க அதை எல்லாம் அழிச்சிட்டு, அந்தப் பழசைத் தலையைச் சுத்தி எங்கேயாவது கொடுத்துட்டு, அப்புறம் கூப்பிடுங்க. அம்மாகிட்டப் பேசிப் பார்க்கறேன்'னா. கோபம் இல்லையாம். நல்லாத் தூங்குறாளாம். இங்கே இருந்தவரைக்கும் தூங்காம நான் பிடிச்சா வெச்சிருந்தேன்?

அதான் உங்களை வரச்சொன்னேன். சும்மா அழிச்சிட்டேன்னு சொன்னா நம்பமாட்டாங்க. என் வீட்டுலயே என் சொல்லுக்கு மதிப்பில்லை. சம்பந்தமில்லாத மூணாவது மனுஷர் கையெழுத்து இருந்தாத்தான் மறுக்க முடியாது. நேத்தே தயார் பண்ணி வெச்சிட்டேன். பட்டியல் எடுத்துட்டேன். ஃபோல்டர் பேரையும் சரிபண்ணிட்டேன், 'மனைவியின் வேண்டுகோளுக்கிணங்க அழிக்கப்பட வேண்டிய இல்லக் கோப்புகள் – பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது'ன்னு. அழிக்கிறதா இருந்தாலும் முறை வேணும்.

நாற்காலியை இப்படிப் போடுங்க. திரை தெரியுதா? நல்லாப் பார்த்துக்கணும். பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னு பின்னாடி சொல்லக் கூடாது. இதோ, அழுத்தறேன். குப்பைத்தொட்டிக்குப் போகாம நேரா அழியுற மாதிரி. 'நிரந்தரமாக நீக்கவா?'ன்னு கேட்குது. ஆமாம்.

போகுது பார்த்தீங்களா? பேரு ஓடுது. 1990, பால் பொங்கியமை. அது முதல் கோப்பு. 1993, என் அக்கா முன்னிலையில் பதில் பேசியமை. பேசினா. நல்லாப் பேசினா அன்னைக்கு. 2001, வெள்ளைச் சட்டையில சாயம். 2003, தீபாவளி, முறுக்கில் உப்பு அதிகம். அதிகம்தான். ஆனா டப்பா காலியாச்சு, அதை எழுதலை. 2007, நான் பேசும்போது ரேடியோவை அணைக்காமை. 2012, ஆஸ்பத்திரியில அவ படுத்திருந்தப்போ, ஆப்பரேஷனுக்கு முன்னாடி பீரோச் சாவி இருக்கும் இடத்தைத் தெரிவிக்காமை. 2019, காரணமின்றிச் சிரித்தமை. அது என்னன்னு ஞாபகம் இல்லை. வேகமாப் போகுது. ஏத்த ரெண்டு வருஷம் ஆச்சு, இறங்க ரெண்டு நிமிஷம் ஆகலை.

நின்னுபோச்சு.

என்னது? படிங்க, எனக்குக் கண்ணாடி... சரி, தெரியுது. 'பெயர் நீளமாக இருக்கிறது. இதை நீக்க முடியாது. பெயரைச் சுருக்கிவிட்டு மீண்டும் முயலவும்.'

அதேதான். பதினொண்ணு ஆறு தொண்ணூத்தெட்டு. மத்தது எல்லாம் போயிடுச்சு. நானூத்திப் பதினொண்ணும் போயிடுச்சு. இது மட்டும் நிக்குது. போகவும் மாட்டேங்குது, அழியவும் மாட்டேங்குது. நேத்து வரைக்கும் எல்லாம் சரியா இருந்ததே! ஃபோல்டருக்கு ஒரு பேருதானே மாத்தினேன்.

என்ன? ஃபார்மட்டா? கடையில கொடுத்து மொத்தமா அழிச்சிடலாமா? மொத்தமா அழிச்சா எது அழிஞ்சதுன்னு என்ன அத்தாட்சி? நீங்க என்ன வேலை பார்க்கறீங்க? ரைஸ் மில்லா? அங்கே அப்படித்தான் நடக்கும் போல.

சுருக்கணும். அவ்வளவுதானே? சுருக்கிடலாம். எதை எடுக்கிறது? 'திருமதி'யை எடுக்கலாம். மரியாதை போயிடும். சரி, எடுத்தாச்சு. பத்தாதா? 'விளக்கம் கோருதல்'? அதை எடுத்தா எதுக்குத் திறந்த கோப்புன்னு தெரியாது. சரி, எடுக்கறேன். இன்னும் பத்தலையாம். இந்த மெஷினுக்கு அவ பேரையே எடுத்தாத்தான் திருப்தியாகும் போல.

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.

'அம்மா இறந்தது'ன்னு மட்டும் போடறதா?

அது எப்படித் தம்பி? அப்படிப் போட்டா இதுல குற்றம் என்னன்னே தெரியாதே.

ஏன் எழுந்துட்டீங்க? உட்காருங்க. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே. 'அம்மா இறந்தது'ன்னு பேரு வெச்சா, படிக்கிறவன் என்ன நினைப்பான்? ஒரு பொம்பளைக்கு அம்மா இறந்துபோச்சு, அவ ஊருக்குப் போனான்னு நினைப்பான். அவ்வளவுதான்னு நினைப்பான். அதுக்கு எதுக்கு ஒரு கோப்பு, இதை எழுதினவன் எப்படிப்பட்டவன்னு கேட்பான். கேட்கமாட்டானா? உங்களுக்கு இது புரியாது. நீங்க கோப்பு பார்த்தவர் இல்லை.

லேப்டாப் வேண்டாமா? விலை பேசி முடிச்ச பிறகா? உங்க பொண்ணுக்குன்னு சொன்னீங்களே! ஒரு கோப்புதான் இருக்கு, ஓரமாக் கிடக்கட்டும், அதை மட்டும் திறக்க வேண்டாம்னு பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க. ஓ. அவ திறந்து படிச்சிடுவாளோன்னுதான் வேண்டாங்கறீங்களா? என்ன பேச்சு தம்பி இது! வீட்டுக்கு வந்தவர் பேசுற பேச்சா?

போங்க. யாரையும் நான் பிடிச்சு வெச்சுக்கலை. கையெழுத்தையாவது போட்டுட்டுப் போங்க. திருத்திக் கொடுக்கறேன், ஒரு நிமிஷம். 'நானூற்றுப் பதினொன்று அழிக்கப்பட்டது, ஒன்று நிலுவை.' அது உண்மைதானே? பார்த்தீங்கல்ல, கண்ணால? உண்மைக்குச் சாட்சி சொல்றதுக்குக் கூடவா...

சரி. போங்க. பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு வந்தது, பன்னிரண்டு பத்துக்குப் போறது. செருப்பு படிக்குக் கீழே இருக்கு.

தம்பி! கேட்டைத் தொடாதீங்க. கையை எடுங்க. பத்தொன்பது நாளா அவ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு, நான் கூடச் சாத்தலை. சாத்தாமப் போனது அவ, வந்து அவளே பார்க்கட்டும். அப்படியே விட்டுட்டுப் போங்க.

ஆடு வந்தா வரட்டும்.